பிடி விட்ட தோல்

கவின், யாழினி, இரண்டு பேருக்கும் சேர்த்தே அப்பா எழுதுகிறேன். முதலில் கவின் படி. தங்கச்சிக்குப் புரியாத இடம் வந்தால் நிறுத்தி, உன் பேச்சில் அவளுக்குச் சொல். இதை வாயாலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே யாழினி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறாள். எழுதி வைத்தால் நின்று கேட்பாள் என்று நினைக்கிறேன்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். எனக்குத் தெரிந்தது பைக்குக்கும் ஆட்டோவுக்கும் சீட் தைக்கிற வேலை. ரெக்சின், ஸ்பாஞ்சு, பசை, ஊசி. அம்மாவுக்கு வந்த நோயை டாக்டரம்மா எனக்கு மூன்று நான்கு தடவை பொறுமையாகச் சொன்னார்கள். அதில் எனக்குப் பிடிபட்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் வந்தது வாயில். மாசி மாதம் இருக்கும். அம்மா குழம்பைக் குறைத்துக்கொண்டாள். பிறகு ரசத்தை விட்டாள். கடைசியில் கஞ்சியைக்கூட ஆற வைத்து, தலையைச் சாய்த்து, ஒரு ஓரமாக விட்டு விழுங்கினாள். வயிற்றுச் சூடு என்றார்கள். மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப் பால், பி காம்ப்ளக்ஸ் மாத்திரை எல்லாம் பார்த்தோம். பல் டாக்டர் பேஸ்ட்டை மாற்றச் சொன்னார். மாற்றினோம். கவின், நீகூட ஒருநாள், "அம்மா, நீங்க டயட்டா? சினிமாவுல நடிக்கப் போறீங்களா?" என்று கேட்டாய். அவள் சிரித்தாள். சிரித்ததில் உதடு வெடித்து ரத்தம் வந்தது. முந்தானையால் மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நீ கவனிக்கவில்லை.

சித்திரை வெயிலில் நெஞ்சிலும் முதுகிலும் கொப்புளம் வந்தது. உள்ளே தண்ணீர் தெரிகிற கொப்புளம். நான் பயந்துபோய் மணமேல்குடியில் இருக்கிற உங்கள் அத்தைக்குப் போன் போட்டேன். என் கூடப் பிறந்த அக்கா. எங்கள் அம்மா இறந்த பிறகு எனக்கு ஏதென்றாலும் அவளிடம்தான் கேட்பேன். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே கை நிறைய வேப்பிலையோடு வந்து இறங்கினாள். வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, இது ஆத்தாடா. முத்துப் போட்டிருக்கா. நல்லா நிதானமா எறங்கட்டும். யாரும் வாயத் தொறந்து ஊசி கீசின்னு பேசிறாதீங்க."

"வாய்ல ரெண்டு மாசமா இருக்கே அக்கா? அம்மை அப்படி இருக்குமா?"

"ஆத்தா எப்ப வரணும், எங்க எறங்கணும்னு ஒன்னையக் கேட்டா வருவா?"

நம் பக்கத்தில் இது எப்படி என்று உங்களுக்கும் தெரியும். அம்மை என்று தெரிந்துவிட்டால் அது நோய் இல்லை, வீட்டுக்கு வந்த தெய்வம். வாசலில் வேப்பிலை சொருகிவிடுவோம். அடுப்பில் தாளிக்க மாட்டோம். ஆஸ்பத்திரி என்ற சொல்லைக்கூட அந்த வீட்டில் சொல்ல மாட்டோம். யாரும் அம்மாவைக் கட்டாயப்படுத்தவில்லை. நான் ஒருமுறை தயங்கி, "பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவமா வளரு?" என்று கேட்டதற்கு அவளே, "வேணாங்க. ஊசி போட்டா ஆத்தா உள்ள போயிருவா. புள்ளைகளுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயமா இருக்கு" என்றாள். உங்களைத் தெருவில் எதிர்வீட்டில் விட்டோம். அம்மாவை வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தோம். எழும்போது இலை முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றாக எடுக்கும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "தாயே, தாயே" என்பாள். அது வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கொப்புளம் இறங்கவில்லை. ஒன்று உடைந்தால் அந்த இடம் காயாமல் இரண்டு மடங்காக விரிந்தது. ஆனாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் ஆத்தா மலையேறிவிடுவாள் என்று அத்தை நாள் பார்த்தாள். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். கொல்லையில் மணைக்கட்டை. தண்ணீர் ஊற்றிய பிறகு பிள்ளைகள் வரலாம் என்பது வழக்கம் என்பதால் எதிர்வீட்டிலிருந்து உங்களைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தோம்.

யாழினி, இனி எழுதப்போவது உனக்குத்தான்.

நீ ரொம்ப நாள் கழித்து அம்மாவைப் பார்க்கிறாய். அவள் ஈரச் சேலையோடு எழ முடியாமல் எழுந்தாள். தள்ளாடினாள். எல்லாருக்கும் முன்னால் நீதான் ஓடிப்போய் அவள் முன்கையை இரண்டு கையாலும் பிடித்தாய். விழாமல் தாங்கத்தான் பிடித்தாய். அந்த இடத்தில் கொப்புளமே இல்லை. நல்ல தோல்தான். அது உன் விரலோடு நழுவி வந்தது. காய்ச்சிய பாலின் மேல் ஆடை நகருமே, அப்படி. அடியில் சிவப்பாகத் தெரிந்தது. அம்மா கத்தினாள். அதற்கு முன் அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

அத்தை உன்னைப் பிடித்து இழுத்து, "ஏய், தொடாதடி! ஒன் கை பட்டுத்தான்டி இப்படி உரிஞ்சு போச்சு!" என்றாள்.

நீ உன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அதற்குப் பிறகு நீ அம்மாவைத் தொடவில்லை.

அன்றைக்கே ஆட்டோ பிடித்தோம். சீட்டில் உட்கார வைக்க முடியவில்லை. அது நான் தைத்துக் கொடுத்த சீட்தான். வெயிலில் ரெக்சின் சூடேறி ஒட்டும். என் வேட்டியை நான்காக மடித்துப் போட்டு அதன்மேல் ஒருபக்கமாகச் சாய்த்தோம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது வேட்டி அவளோடு வந்தது. நான் அதைப் பிய்க்கப் போனேன். ஆட்டோக்காரர், "விடுங்கண்ணே, வேட்டியோடயே தூக்குங்க" என்றார்.

தோல் பிரிவில் எத்தனையோ பேர் உட்கார்ந்திருந்தார்கள். படர்தாமரை, சொறி, பொடுகு. அம்மாவைக் கண்டதும் பெஞ்சில் இருந்தவர்கள் இங்கிட்டும் அங்கிட்டும் நகர்ந்து மொத்த பெஞ்சையும் விட்டுவிட்டார்கள். ஒரு பொம்பளை தன் பிள்ளையின் முகத்தைச் சேலையால் மூடினாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "தப்பில்லைங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்" என்றாள்.

டாக்டரம்மா அம்மாவின் வாயைத் திறக்கச் சொன்னார்கள். பிறகு தோளில் நன்றாக இருந்த ஓர் இடத்தைப் பெருவிரலால் அழுத்தி, மெதுவாகப் பக்கவாட்டில் தள்ளினார்கள். தோல் நழுவியது. உன் கைக்கு வந்ததே, அதே மாதிரி. எனக்கு உயிரே போனது. ஆனால் டாக்டரம்மா கையை எடுத்துவிட்டு, "இது ஒரு சோதனைதான். இந்த நோய்ல யார் தொட்டாலும் இப்படித்தான் வரும்" என்றார்கள். யாழினி, இதை அண்ணனை இரண்டு தடவை படிக்கச் சொல். யார் தொட்டாலும்.

நோயின் பெயர் பெம்பிகஸ். அம்மை இல்லை. ஒட்டாது. உங்களுக்கும் தொற்றாது. அம்மா செய்த எந்தக் காரியத்தாலும் வந்ததும் இல்லை. தோலில் சின்னத் துண்டு எடுத்தார்கள். பாதியை இங்கேயே பார்த்தார்கள். மீதியைத் திருச்சிக்கு அனுப்பி, விசேஷ விளக்கு போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அந்த முடிவு வரும்வரை காத்திருந்தோம். வந்ததும் டாக்டரம்மா போனில் படம் காட்டினார்கள். கறுப்பு இருட்டில் பச்சையாக ஒரு வலை. மணமேல்குடியில் காயப்போடுவார்களே மீன் வலை, அதே மாதிரி கண்ணி கண்ணியாக மின்னியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. "இந்தப் பச்சை எங்கெல்லாம் இருக்கோ, அங்கெல்லாம் ஒட்டு விட்டுப்போகுது" என்றார்கள்.

கவின், நீ பள்ளிக்கூடத்தில் வெங்காயத் தோலை வைத்து செல் படம் வரைந்தாய் அல்லவா? செங்கல் அடுக்கினதுபோல. நம் தோலும் அப்படிப்பட்ட செல்களை அடுக்கித்தான் இருக்கிறது. ஆனால் அவை சும்மா பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. ஒவ்வொரு செல்லுக்கும் வெளியே நீண்ட கைகள் உண்டு. புரதத்தால் ஆன கைகள். பக்கத்துச் செல்லின் கையை அது பிடித்திருக்கும். இப்படி ஒன்றை ஒன்று பிடித்திருப்பதால்தான் நாம் சுவரில் உராய்ந்தாலும், பாய் தேய்த்தாலும், வாயில் முறுக்கைக் கடித்தாலும் தோல் தோலாகவே நிற்கிறது. அந்தக் கைகளில் ஒன்றுக்குப் பெயர் டெஸ்மோகிளின். பெயரை மறந்தாலும் பரவாயில்லை.

கிருமி வந்தால் சண்டை போடுவதற்கென்று நம் ரத்தத்தில் காவல் உண்டு. அம்மாவின் காவல், ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, இந்தக் கைகளைக் கிருமி என்று நினைத்துக்கொண்டது. போய்ப் போய் அவற்றில் ஒட்டிக்கொள்கிறது. பிடி விட்டுப்போகிறது. செல்லும் செல்லும் பிரிந்த இடுக்கில் நீர் ஊறுகிறது. அதுதான் கொப்புளம். நாம் முத்து என்று கும்பிட்டது.

எனக்கு இது சட்டென்று விளங்கியதற்குக் காரணம் ரெக்சின். மட்டமான ரெக்சினை வெயிலில் விட்டால் துணி சீட்டோடு அப்படியே இருக்கும். மேலே இருக்கிற பளபளப்பான ஏடு மட்டும் உப்பி, தொட்டால் உரிந்து வரும். தொட்டவன் கையில் குற்றம் இல்லை. தைத்தவனும் ஒன்றும் செய்ய முடியாது.

வாயில் ஏன் முதலில் வந்தது என்று கேட்டேன். அந்தக் கைகளில் இரண்டு வகை உண்டாம். தோலில் இரண்டும் நிறைய இருப்பதால் ஒன்று விட்டாலும் இன்னொன்று கொஞ்ச நாள் தாங்கும். வாய்க்குள் பெரும்பாலும் ஒரே வகைதானாம். அதனால் அங்கே முதலில் விட்டுவிட்டது. கவின், நீ கேட்ட கேள்வியையும் கேட்டேன்: "இதயமும் பிரிஞ்சிருமாப்பா?" டாக்டரம்மா கொஞ்சம் சிரித்தார்கள். "இதயத்துலயும் இதே மாதிரி பிடி உண்டு. ஆனா அது வேற வகை. அதை இது தொடாது. மகன் நல்லாக் கேக்குறாரே" என்றார்கள். அன்றைக்கு நான் கேட்ட ஒரே நல்ல சேதி அதுதான்.

வார்டில் அம்மாவுக்குத் துணி ஆகவில்லை. எந்தத் துணியும் ஒட்டியது. வாழை இலை வாங்கி வரச் சொன்னார்கள். தலைவாழை இலை. அதை நன்றாகக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி, படுக்கை முழுக்கப் பரப்பி அதன்மேல் படுக்க வைப்பார்கள். வாழை இலை காயத்தில் ஒட்டாது, குளிர்ச்சியாகவும் இருக்கும். வாடினால் மாற்ற வேண்டும். அதனால் விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போய் இலை வாங்குவது என் வேலையானது.

இலைக்கடைக்காரர் நல்ல மனிதர். கொஞ்ச நாள் பார்த்தார். பிறகு, "என்னண்ணே, தெனம் எலை போகுது? பொண்ணு சடங்கா, கல்யாணமா? எங்களையெல்லாம் கூப்பிடாம சாப்பாடு போடுறீங்களே, இது நாயமா?" என்றார்.

"வீட்டுல ஒருத்தவங்கள எலை போட்டுப் படுக்க வச்சிருக்கோம்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. இலை போட்டுப் படுக்க வைத்திருக்கிறது என்றால் அவர் வேறு என்னவோ நினைத்துவிட்டார். "எப்பண்ணே எடுக்குறீங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். இல்லை, உயிரோடுதான் இருக்கிறாள் என்று நான் மார்க்கெட் நடுவில் நின்று சொன்னேன். அதன் பிறகு அவர் கிழிசல் இல்லாத இலையாகப் பார்த்து எனக்கென்று எடுத்து வைத்துவிடுவார். ஒன்றும் கேட்க மாட்டார்.

காவலை அடக்குவதற்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். பிறகு, அந்தக் காவலை உண்டாக்குகிற அணுக்களையே குறைக்கிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் அது முடிந்தது. ஆனால் காவலை அடக்கினால் கள்ளனுக்கும் வழி திறக்கும். தோல் இல்லாத உடம்பு கதவில்லாத வீடு. கிருமி சுலபமாக நுழையும். சர்க்கரை ஏறியது. இலை மாற்றும் நேரம்தான் கொடுமை. அம்மாவைத் திருப்ப இரண்டு நர்ஸும் நானும் வேண்டும். எங்கே பிடிப்பது என்றே தெரியாது. கட்டிய பொண்டாட்டியை எங்கே தொட்டால் வலிக்காது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அப்படித் தேடித்தான் ஒரு விஷயம் கண்டுகொண்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கொப்புளம் வருவது நின்றது. புண் காய்ந்து கறுத்தது. வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கொஞ்ச மாதங்களை நீங்கள் பார்த்தீர்கள். முகம் வட்டமாக உப்பியிருந்தது. அது மருந்தின் வேலை. கவின், நீ பழகிக்கொண்டாய். யாழினி, நீ கதவோரம் நின்று பார்ப்பாய். காலையில் அம்மா சீப்பையும் ரிப்பனையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முன்பெல்லாம் அந்த நேரத்துக்கு நீ வந்து முதுகு காட்டி உட்காருவாய் அல்லவா? நீ எதிர்வீட்டுக் கண்ணாடியில் பார்த்து நீயே கோணலாகப் பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். ஒரு சடை மேலே, ஒரு சடை கீழே. அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

நான் சமாதானமாக, "மூஞ்சி மாறிருச்சுல்ல, அதான் பயப்படுது. சரியாப் போயிரும்" என்றேன்.

"அவ என்னையப் பாத்துப் பயப்படலைங்க" என்றாள் அம்மா. "அவ கையப் பாத்து அவ பயப்படுறா."

அத்தைக்கும் நீ தொடாமல் இருப்பது தெரிந்துவிட்டது. ஒருமுறை மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உன்னை மடியில் இழுத்து உட்கார வைக்கப் பார்த்தாள். நீ இரண்டு கையையும் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாய். அவள் பஸ்ஸுக்குப் போகும்போது என்னிடம், "ஆத்தா மேலயும் பழியப் போட்டேன், அந்தச் சின்ன உசுரு மேலயும் பழியப் போட்டேன். நீ எப்படியாச்சும் அதுக்குச் சொல்லிப் புரிய வைடா தம்பி. நான் சொன்னா அது நம்பாது" என்று அழுதாள்.

மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வரும்போது நோய் திரும்பியது. யாரும் மாத்திரை தவறவிடவில்லை. அதன் குணம் அப்படியாம். சிலருக்கு அடங்கியே இருக்கும், சிலருக்குத் திரும்பும். மறுபடி அதே வார்டில் சேர்த்தோம். இந்தத் தடவை தொண்டைக்குள்ளும் போய்விட்டது. அம்மாவால் பேச முடியவில்லை. காய்ச்சல் விடவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மருந்து மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள். நான் நம்பிக்கையாக ஏதாவது எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. உங்களிடம் பொய் சொல்லவும் முடியவில்லை.

இன்று டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்கள். "பிள்ளைங்க அம்மாவைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு?" என்றார்கள்.

"ஆச்சுங்கம்மா. ஞாயித்துக்கெழமை பள்ளிக்கூடம் லீவு. அன்னைக்குக் கூட்டியாரவாங்க?"

அவர்கள் தரையைப் பார்த்தார்கள். "நாளைக்கே கூட்டிட்டு வந்துருங்க."

அதனால்தான் இந்த அவசரம். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக் காலையில் கவின் இதைத் தங்கச்சிக்குப் படித்துக் காட்டட்டும். பிறகு கிளம்புவோம்.

யாழினி, உள்ளே வந்தால் ஒரு வாடை அடிக்கும். முகத்தைச் சுளிக்காதே, சுளித்தாலும் பரவாயில்லை. அம்மாவின் கண் இமை வீங்கியிருக்கும். இலை சரசரக்கும். அவள் உன்னைக் கூப்பிட மாட்டாள், குரல் இல்லை. குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொள். உன் கையில் ஏதோ இருக்கிறது என்று கழுவச் சொல்லவில்லை. எல்லாரும் கழுவுகிறோம், டாக்டரம்மாவும்தான். கட்டிலின் இடது பக்கம் வந்து நில்.

நான் கண்டுகொண்டேன் என்றேனே, அது இதுதான். அம்மாவின் உள்ளங்கையில் ஒன்றும் இல்லை. உடம்பெல்லாம் போனாலும் அங்கே ஒரு கொப்புளம்கூட வரவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டேன். அங்கே தோல் ரொம்பக் கெட்டி, இந்த நோய் பெரும்பாலும் உள்ளங்கையை விட்டுவிடும் என்றார்கள். நான் அழுத்திப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அங்கே உரியாது. நீயும் பிடிக்கலாம்.

மருந்து ஏறுவது வலது கையில். இடது கையை அவள் மல்லாத்தியே வைத்திருக்கிறாள். நர்ஸ் வந்து சரியாக வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் அந்தப் பக்கம் போனதும் மறுபடி மெல்லத் திருப்பி, விரல்களை விரித்து வைத்துக்கொள்கிறாள்.